குடிபோதையில் வாகனம் ஓட்டிய வழக்கு: நீதிமன்றப் பதிவைத் தேடிய ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர் ஒன்றில், வாடகைக் கார் நிறுவனத்தில் ஓட்டுநராக இருந்த ஒருவர், தம்மீது நிலுவையில் உள்ளதாகச் சொல்லப்பட்ட குற்ற வழக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வட்டச் சட்டப் பணிகள் குழு வழியாக எங்களிடம் வந்தார். முப்பத்தைந்து வயதை ஒட்டியவர். குடும்பத்தின் ஒரே வருமானம் அவருடைய ஓட்டுநர் உரிமத்தை நம்பி இருந்தது. புதிய ஒப்பந்தம் ஒன்றுக்காக அவருடைய நிறுவனம் எல்லா ஓட்டுநர்களின் பின்னணியையும் ஒரு முகமை மூலம் சரிபார்த்தது. அந்த அறிக்கையில் அவர் பெயருக்கு எதிரே இரண்டு வரிகள் இருந்தன: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185-இன் கீழ் (குடிபோதையில் வாகனம் ஓட்டுதல்) ஒரு வழக்கு நிலுவையில் உள்ளது, அதே பிரிவில் 2018-ஆம் ஆண்டு ஒரு தண்டனை பெற்றுள்ளார். ஒரு மாதத்துக்குள் விளக்கம் தராவிட்டால் வேலையில் தொடர முடியாது என்று நிறுவனம் எழுத்துமூலம் தெரிவித்திருந்தது.

முதல் வரியில் உண்மை இருப்பதை அவரே ஒப்புக்கொண்டார். இரண்டாவது வரியை முழுமையாக மறுத்தார். இந்த ஆய்வு அந்த இரண்டு வரிகளையும் நீதிமன்றப் பதிவுகளில் தேடி உறுதிசெய்த விதத்தையும், அதன்பின் எடுத்த முடிவுகளையும் பதிவுசெய்கிறது. சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

பிடிபட்ட இரவும் அதன் பின்னரும்

புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சில மாதங்களுக்குப் பின், உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றிலிருந்து இருசக்கர வாகனத்தில் திரும்பும்போது அவர் வாகனத் தணிக்கையில் நிறுத்தப்பட்டார். மூச்சுப் பரிசோதனைக் கருவி அச்சிட்ட சீட்டில் 100 மில்லி லிட்டர் இரத்தத்துக்கு 86 மில்லி கிராம் என்ற அளவு இருந்தது. சட்டம் அனுமதிக்கும் வரம்பு 30 மில்லி கிராம். சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள்; வண்டியை நிலையத்தில் நிறுத்தினார்கள்; அசல் உரிமத்தை எடுத்துக்கொண்டு ஒப்புகைச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அவருடைய அண்ணன் வந்து ஆவணங்களைக் காட்டி வண்டியை எடுத்துச் சென்றார்.

வண்டி கைக்கு வந்ததும் விஷயம் முடிந்துவிட்டது என்று அவர் எண்ணினார். "கோர்ட்டிலிருந்து தபால் வந்தால் போய்க் கட்டிவிடலாம்" என்று ஒரு நண்பர் சொன்னதை நம்பிக் காத்திருந்தார். தபால் வரவில்லை. உரிமத்தில் இருந்த முகவரி, அவர் காலி செய்து பல ஆண்டுகள் ஆன வாடகை வீட்டின் முகவரி என்பதை அவர் அப்போது யோசிக்கவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று முதல் உரையாடலிலேயே தெரியவந்தது. ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொண்டு அவர் தொடர்ந்து கார் ஓட்டிவந்தார். பொதுவாக ஆவணம் பறிமுதல் செய்யப்படும்போது தரப்படும் ஒப்புகை, உரிமத்துக்குப் பதிலாகச் செல்லும் என்ற எண்ணம் ஓட்டுநர்களிடையே பரவலாக உண்டு. வேறு சூழல்களில் அது சரியும்கூட. ஆனால் 2019 திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பிரிவு 206(4), குடிபோதை உள்ளிட்ட சில குற்றங்களில் உரிமத்தைப் பறிமுதல் செய்து உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பக் காவல்துறைக்கு அதிகாரம் தருவதோடு, அப்படித் தரப்படும் ஒப்புகை உரிமம் திரும்பக் கிடைக்கும்வரை வாகனம் ஓட்ட அனுமதி ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எனவே வழக்கு எண்ணைத் தேடத் தொடங்கும் முன்பே, அன்றிலிருந்து எந்த வாகனத்தையும் ஓட்டக் கூடாது என்று அவருக்கு அறிவுறுத்தப்பட்டது. நிறுவனத்தில் பேசி, தற்காலிகமாகப் பணிமனையில் வண்டிகளைச் சரிபார்க்கும் வேலைக்கு மாறிக்கொண்டார்.

பதிவைத் தேடியபோது கண்டவை

இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், முதல் தகவல் அறிக்கை எண், வழக்கறிஞர் பெயர் எனப் பல வழிகளில் வழக்கைத் தேடலாம். முதலில் உரிமத்தில் உள்ளபடியே பெயரை ஆங்கில எழுத்தில் இட்டு, ஆண்டைக் கொடுத்து, நிலுவை வழக்குகளுக்குள் தேடினோம். எதுவும் வரவில்லை. அவருடைய பெயரில் ழகரம் உண்டு. ஆதாரில் ஒரு விதமாகவும் உரிமத்தில் வேறு விதமாகவும் அது எழுதப்பட்டிருந்தது, தலைப்பெழுத்தும் ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் இருந்தது. காவல் நிலையத்தில் தட்டச்சு செய்தவர் மூன்றாவதாக ஒரு வடிவத்தைக் கையாண்டிருக்கிறார் என்பது பின்னர்தான் தெரிந்தது. பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் இட்டபோது நீண்ட பட்டியல் வந்தது. அதில் அவருடைய வழக்கு எது என்று பிரித்தறிய வழி இருக்கவில்லை.

ஆகவே பெயரை விட்டுவிட்டுக் குற்ற எண்ணைத் தேடிப் போனோம். வழக்குப் பதிவான காவல் நிலையத்தில் நிலைய எழுத்தரிடம் தேதியையும் வண்டி எண்ணையும் சொன்னதும் குற்ற எண் கிடைத்தது. இணையதளத்தில் காவல் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து அந்த எண்ணையும் ஆண்டையும் இட்டவுடன் ஒரே ஒரு வழக்கு வந்தது. காவல் நிலையத்தின் குற்ற எண் வேறு, நீதிமன்றம் கோப்புக்கு எடுத்தபின் தரும் எண் வேறு. இந்த வழக்கு எஸ்.டி.சி. என்று குறிக்கப்படும் சுருக்கமுறை விசாரணை வழக்காக நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் பதிவாகியிருந்தது. பக்கத்தின் மேற்பகுதியில் இருந்த பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டோம். அந்த எண் கையில் இருந்தால், பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், வழக்கு வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டிருந்தாலும், அதைக் கண்டுபிடிக்கலாம்.

வழக்கின் நிலை என்ற இடத்தில் "நிலுவை" என்று மட்டும் இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் உண்மை நிலவரம் தெரிந்திருக்காது. கீழே விசாரணைத் தேதிகளின் வரிசை இருக்கும். ஒவ்வொரு தேதியையும் அழுத்தினால் அன்று நடந்தது ஓரிரு வரிகளில் தெரியும். முதல் தேதியில் அழைப்பாணைக்கு உத்தரவு. அடுத்ததில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) இல்லாததால் அழைப்பாணை வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டதாகக் குறிப்பு. அதற்கடுத்த வாய்தாவில் எதிரி வரவில்லை என்று பதிவாகி, ஜாமீனில் விட முடியாத பிடியாணை பிறப்பிக்கப்பட்டிருந்தது. அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்த மாதங்களில் எந்த நேரமும் கைது செய்யப்படக்கூடிய நிலையில் இருந்திருக்கிறார்.

அறிக்கையின் இரண்டாவது வரியில் சொல்லப்பட்ட 2018 வழக்கும் தேடலில் வந்தது. அதே மாவட்டத்தின் வேறொரு வட்டத்தில் உள்ள நீதிமன்றம், அதே பெயர், பிரிவு 185, முடிவுற்றது, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை. தந்தை பெயரோ முகவரியோ அங்கே காட்டப்படவில்லை. இவ்வகைச் சிறு வழக்குகளில் பல நேரங்களில் தீர்ப்பின் பிரதி இணையத்தில் ஏற்றப்படுவதில்லை, இதிலும் இல்லை. முகமை பார்த்திருக்கக்கூடியதும் இந்தத் திரையைத்தான்.

தண்டனை பற்றிப் புரிய வேண்டியிருந்தவை

இந்த 2018 பதிவு அவருடையதா இல்லையா என்பது வெறும் நற்பெயர்ப் பிரச்சினை அல்ல. பிரிவு 185-இன்படி முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இரண்டாவது அல்லது அதற்கடுத்த குற்றமானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெயர் ஒத்த ஒருவரின் பழைய தண்டனை இவருடைய கணக்கில் ஏறினால் சிறைத்தண்டனையின் உச்சவரம்பு நான்கு மடங்காகும்.

தொகையைப் பற்றி ஒரு குறிப்பு அவசியம். பழைய பதிவுகளைப் பார்ப்பவர்கள் 1,000 ரூபாய், 1,500 ரூபாய் என்ற அபராதங்களைக் கண்டு, தமக்கும் அவ்வளவுதான் வரும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். 2019 செப்டம்பர் 1-க்கு முன்பு முதல் குற்றத்துக்கு 2,000 ரூபாய் "வரை" என்பதே சட்டமாக இருந்ததால், நடுவர் அதற்குள் குறைத்து விதிக்க இடம் இருந்தது. இப்போதைய வாசகத்தில் அந்த "வரை" இல்லை. அபராதம் விதிப்பதானால் 10,000 ரூபாய் என்றே உள்ளது.

மேலும், ஹெல்மெட் அணியாதது போன்ற குற்றங்களை இடத்திலேயே பணம் கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ளப் பிரிவு 200 வழி செய்கிறது. பிரிவு 185 அந்தப் பட்டியலில் இல்லை. எனவே இங்கு பணம் கட்டுவது என்பது வழக்கைச் சமரசமாக முடிப்பது அல்ல. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானித்து விதித்த தண்டனையை நிறைவேற்றுவது. "ஃபைன் கட்டிவிட்டேன், கேஸ் இல்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் உண்மையில் தண்டனை பெற்றவர்கள். வேலைக்கான படிவத்தில் "எந்த வழக்கிலாவது தண்டனை பெற்றுள்ளீர்களா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதிச் சிக்கிக்கொள்வதும் இவர்கள்தான்.

உரிமம் தொடர்பான நடவடிக்கை இதிலிருந்து தனியானது. பிரிவு 185-இல் தண்டிக்கும் நீதிமன்றம் உரிமத்துக்குக் குறைந்தது 6 மாதம் தகுதியிழப்பு விதிக்க வேண்டும் என்று பிரிவு 20(2) சொல்கிறது. அது விதிக்காவிட்டாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பிரிவு 19-இன் கீழ் விளக்கம் கேட்டுத் தனியாக உத்தரவிடலாம். குடிபோதையில் ஓட்டியவர்களின் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் உத்தரவை எதிர்த்து, அது கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எதைச் செய்வது என்பதில் அவருக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. நிறுவனம் கொடுத்த கெடுவை நினைத்து, 2018 பதிவு தம்முடையது அல்ல என்று காட்டும் ஆவணத்தை முதலில் எடுக்க வேண்டும் என்றார் அவர். பிடியாணை நிலுவையில் இருக்கும்போது வேறு எந்த நீதிமன்ற வாசலிலும் அவர் நிற்பது சரியல்ல என்பதால், அதைத் திரும்பப் பெறுவதையே முதல் வேலையாக வைத்தோம். அடுத்த பணிநாளிலேயே அவரை நேரில் முன்னிலைப்படுத்தி, முகவரி மாறியதற்கான சான்றுகளுடன் மனு தாக்கல் செய்யப்பட்டது. நடுவர் காரணத்தை ஏற்று, பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு பிடியாணையைத் திரும்பப் பெற்றார். அந்த உத்தரவின் நகலை அன்று மாலையே காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புதல் பெற்றோம். நீதிமன்றத்திலிருந்து தகவல் நிலையத்துக்குப் போய்ச் சேரும்வரை அங்குள்ள பதிவேட்டில் பிடியாணை உயிரோடுதான் இருக்கும். இந்த இடைவெளியில் கைதானவர்களும் உண்டு.

இரண்டாவது முடிவு, அன்றே குற்றத்தை ஒப்புக்கொள்வதில்லை என்பது. கூண்டில் ஏறி "ஆம்" என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடலாம் என்பது அவருடைய விருப்பம். ஒப்புதலின் பேரில் தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையும் அதன் சட்டப்படியான தன்மையையும் தவிர வேறு எதையும் மேல்முறையீட்டில் எழுப்ப முடியாது. அப்படி ஒரு கதவை மூடும் முன், அரசுத் தரப்பு ஆவணங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று கூறி வாய்தா பெற்றோம்.

கிடைத்த நகல்களில் மூச்சுப் பரிசோதனைச் சீட்டின் நேரம், கருவியின் எண், கருவி சரிபார்க்கப்பட்டதற்கான சான்று, அவருடைய கையெழுத்து ஆகிய எல்லாம் பொருந்தியிருந்தன. வழக்கும் காலவரம்புக்குள் தாக்கலாகியிருந்தது. இக்குற்றத்துக்கு அது ஓராண்டு. இரத்தப் பரிசோதனை எடுக்காததால் வழக்கு நிற்காது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மது வாடையும் தள்ளாட்டமும் மட்டும் ஒருவர் மது அருந்தியதற்குப் போதுமான சான்று ஆகா என்று உச்ச நீதிமன்றம் 1971-இல் பச்சுபாய் ஹசன்அல்லி கர்யாணி வழக்கில் கூறியது உண்மை. ஆனால் பிரிவு 185 மூச்சுப் பரிசோதனையின் அளவையே நேரடியாக ஏற்கிறது. இங்கே அச்சிட்ட அளவு இருந்தது, வரம்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. வழக்கை எதிர்த்து நடத்தினால் பல வாய்தாக்கள் ஆகும், வெற்றிக்கான வாய்ப்பு குறைவு என்று விளக்கப்பட்டது. ஒப்புக்கொள்வது என்ற முடிவை அவர் எடுத்தார். அந்த முடிவு சரியென்றே கருதுகிறேன்; பதிவைப் படித்தபின் எடுத்ததால்.

ஒப்புதல் தருவதற்கு முன் 2018 வழக்கைத் தீர்த்துவிட வேண்டியிருந்தது. அவர் அந்த வழக்கில் எதிரி அல்ல என்பதே எங்கள் நிலைப்பாடு என்பதால், எதிரி என்ற முறையில் நகல் கேட்க முடியாது. மூன்றாம் நபராக, எதற்காகத் தேவை என்பதை விளக்கும் பிரமாணப் பத்திரத்துடன் நகல் மனு கொடுக்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் கடிதமும் முகமையின் அறிக்கையும் இணைக்கப்பட்டன. நீதிமன்றம் அனுமதித்தது. சான்றிட்ட நகலில் எதிரியின் தந்தை பெயர் வேறு, ஊர் வேறு, வயது பத்தாண்டுக்கு மேல் கூடுதல், வாகனம் சரக்கு ஆட்டோ. மறுப்பதற்கு இடமில்லாத ஆவணம்.

நிகழ்ந்தவை

அடுத்த வாய்தாவில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முன்தண்டனை ஏதும் இல்லை என்று அரசுத் தரப்பும் தெரிவித்தது. முகவரி மாற்றத்தால் ஏற்பட்ட தாமதத்தை நடுவர் தனியாகக் கேட்டார். வாடகை ஒப்பந்தங்களைக் காட்டியதும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 10,000 ரூபாய் அபராதமும், கட்டத் தவறினால் மெய்க்காவல் தண்டனையும் (கடின உழைப்பு இல்லாத சிறை) விதிக்கப்பட்டன. தனியாகச் சிறைத்தண்டனை இல்லை. பணம் அன்றே கட்டப்பட்டது.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அனுப்பிய விளக்கம் கேட்கும் அறிவிப்பும் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பியிருந்தது. அங்கு நேரில் சென்று விளக்கமும் தீர்ப்பு நகலும் கொடுத்தபின், உரிமம் உத்தரவு தேதியிலிருந்து 3 மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. ஏற்கெனவே பல மாதம் உரிமம் காவல்துறையிடம் இருந்ததைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. அவர் மேல்முறையீடும் செய்யவில்லை. அந்தக் காலத்தில் பணிமனைச் சம்பளம் ஓட்டுநர் சம்பளத்தைவிடக் குறைவு என்பதால், குடும்பத்துக்கு அபராதத்தைவிடப் பெரிய இழப்பு இதுதான்.

நிறுவனத்துக்கு இரண்டு சான்றிட்ட நகல்களும் தரப்பட்டன. முகமை 2018 வரியை நீக்கித் திருத்திய அறிக்கை அனுப்பியது. நிலுவை வழக்கு என்ற வரி, தண்டனை என்று மாறியது. அது நீங்காது, நீக்கக் கேட்கவும் இல்லை. நிறுத்திவைப்புக் காலம் முடிந்ததும் நிறுவனம் அவரை மீண்டும் ஓட்டுநராக எடுத்துக்கொண்டது. ஆனால் புதிய ஒப்பந்த வாடிக்கையாளரின் வண்டிகளில் அவரை அமர்த்தவில்லை.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

இந்த நிகழ்வுக்குப் பின் எங்கள் அலுவலகத்தில் தேடலின் வரிசை மாற்றப்பட்டது. 185 வழக்கு என்று யார் வந்தாலும் பெயரில் தொடங்குவதில்லை. குற்ற எண்ணைப் பெற்று, அதிலிருந்து சி.என்.ஆர். எண்ணை எடுத்து, அதன்பின் நிலுவை, முடிவுற்றவை இரண்டையும் சேர்த்துப் பெயரில் தேடுகிறோம். பெயர்த் தேடல் இப்போது ஒத்த பெயர்க்காரர் எவராவது இருக்கிறாரா என்று அறிவதற்கே. நிலையைக் காட்டும் ஒற்றைச் சொல்லோடு நில்லாமல் ஒவ்வொரு வாய்தாவின் குறிப்பையும் திறந்து படித்து, பிடியாணை உண்டா என்று எழுதிவைப்பது கட்டாயம் ஆக்கப்பட்டுள்ளது.

பிடிபட்டவர் தரப்பில், அன்றிரவே குற்ற எண்ணைக் கேட்டு வாங்குவதும், இப்போது வசிக்கும் முகவரியை வாக்குமூலத்தில் எழுதவைப்பதும், உரிமத்தில் முகவரியை மாற்றிக்கொள்வதும் மிகுந்த செலவோ உழைப்போ கேட்காதவை. அழைப்பாணைக்காகக் காத்திருக்காமல் மாதம் ஒருமுறை இணையதளத்தைப் பார்த்துவந்திருந்தால் இந்த வழக்கில் பிடியாணைவரை போயிருக்காது.

பின்னணி சரிபார்க்கும் முகமைகள் பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்துத் தண்டனை என்று எழுதுவதைத் தடுக்க நம்மிடம் நேரடி வழி எதுவும் இல்லை. அதனால் வேலையளிப்பவரிடமிருந்து இப்படி ஓர் அறிக்கை வந்தால், அதில் குறிக்கப்பட்ட வழக்கின் எண்ணையும் நீதிமன்றத்தின் பெயரையும் எழுத்துமூலம் கேட்டு வாங்கச் சொல்கிறோம். அவை இல்லாமல் நகல் மனுவே போட முடியாது. இந்த ஓட்டுநரின் கோப்பில் 2018 தீர்ப்பின் சான்றிட்ட நகல் ஒன்று கூடுதலாக எடுத்து வைக்கப்பட்டுள்ளது. இணையதளத்தில் அந்த ஒத்த பெயர் இருக்கும்வரை, அடுத்த நிறுவனத்தின் சரிபார்ப்பிலும் அதே வரி வர வாய்ப்புண்டு.